‘கர்ப்பப்பையில் கட்டி’ என்றால் எந்தக் கட்டி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் பெண்கள் பக்கத்தில் கர்ப்பப்பைக் கட்டிகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டி என்று கேட்டதும் பெண்கள் நடுங்க வேண்டியதில்லை என்று அக்கட்டுரை சொன்னது பெரும்பாலும் சரியே. ஆனால் எந்தக் கட்டிக்கு நடுங்க வேண்டியதில்லை, எந்த வயதில் எந்த அறிகுறியைக் கண்டால் மறுநாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற வேறுபாட்டை அது எங்கேயும் சொல்லவில்லை. நான் மருத்துவர் அல்லள். வடசென்னையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். இந்த ஒரு சொல்லால் என் குடும்பத்தில் இருவர் இரண்டு எதிரெதிர் வழிகளில் பாதிக்கப்பட்டோம் என்பதால் எழுதுகிறேன்.

‘கட்டி’ என்று நாம் பேச்சில் சொல்வது ஒரு நோயை அல்ல. கர்ப்பப்பையின் தசையில் வளரும் ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக்கட்டி, அதன் உட்சுவரிலோ வாயிலோ காம்புபோலத் தொங்கும் சதை வளர்ச்சி, சினைப்பையில் மாதந்தோறும் உண்டாகித் தானாகக் கரையும் நீர் நிறைந்த பை, முடியும் பல்லும்கூட உள்ளே இருக்கக்கூடிய டெர்மாய்டு, கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயில் பழைய இரத்தம் தேங்கிச் சாக்லேட் நிறத்தில் உண்டாகும் கட்டி, கர்ப்பப்பை வாய்ப் புற்று, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று, சினைப்பைப் புற்று ஆகிய அத்தனையையும் நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இவற்றின் காரணம் வேறு, இடம் வேறு, வரும் வயது வேறு, மருத்துவமும் வேறு. கண்ணிமையில் வருவதும் நமக்குக் கட்டிதான். ஆனால் அதை யாரும் கண்புற்றோடு சேர்த்துப் பேசுவதில்லை.

முதலில் என் கதை. எனக்கு 39 வயதானபோது மாதவிலக்கு ஒன்பது, பத்து நாட்கள் நீளத் தொடங்கியது. நம் பாட்டிமார் ‘பெரும்பாடு’ என்று சொன்னார்களே, அதுதான். அந்த நாட்களில் அடர்ந்த நிறப் புடவையைத் தவிர வேறெதுவும் உடுத்தமாட்டேன். இரண்டாவது மாடி வகுப்புக்குப் போகும்போது படிக்கட்டின் நடுவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவேன். எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது, என் மேசை இழுப்பறையில் பலப்பம் வைத்துக்கொண்டு யாரும் பார்க்காதபோது கடித்துத் தின்றதுதான். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு மண், சாம்பல், பச்சரிசி, பலப்பம் போன்றவற்றின்மேல் ஏக்கம் வரும் என்பதைப் பாடமாக நடத்தியவள், அது தனக்கே வந்திருக்கிறது என்று உணர ஓராண்டு ஆனது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழைச் சற்றுத் தாண்டியிருந்தது. பன்னிரண்டுக்குக் குறைந்தாலே இரத்தசோகை.

வீட்டருகே இருந்த நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘கட்டி இருக்கிறது, இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி அந்தப் பை எதற்கு? வைத்திருந்தால் நாளைக்குப் புற்றுநோயாக மாறிவிடும்’ என்றார்கள். அடுத்த வாரமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. என் தம்பி மனைவி அரசு மருத்துவமனைச் செவிலியர். அவள்தான், ‘அண்ணி, கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம்’ என்று பிடிவாதமாக அழைத்துப் போனாள்.

அங்கே மூத்த மருத்துவர் ஒருவர், வெளிநோயாளிச் சீட்டின் பின்புறத்தில் தலைகீழாகப் பிடித்த பேரிக்காயைப்போல ஒரு படம் வரைந்து, அதில் மூன்று வட்டங்கள் போட்டார். ஒன்று சுவருக்கு வெளியே, ஒன்று சுவருக்குள்ளே, ஒன்று உள்ளறையை நோக்கித் துருத்திக்கொண்டு. ‘உங்களுடையது இந்த மூன்றாவது, இரண்டு சென்டிமீட்டர்தான். வெளிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர் இருந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது’ என்றார். வயிற்றைக் கிழிக்காமல், பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்தி அந்தக் கட்டியை மட்டும் செதுக்கி எடுத்தார்கள். பல மாதங்கள் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினேன். பலப்ப ஆசை அதற்கு முன்பே போய்விட்டது. 51 வயதில் இயல்பாக மாதவிலக்கு நின்றது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

நார்த்திசுக்கட்டி மிக மிகச் சாதாரணமானது. ஐம்பது வயதுக்குள் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறிதோ பெரிதோ ஏதாவதொன்று இருக்கும்; பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற இரண்டு ஹார்மோன்களை உண்டு வளர்வதால், மாதவிலக்கு நின்ற பிறகு அது பெரும்பாலும் சுருங்கத் தொடங்கும். நூற்றில் ஒன்றுகூடப் புற்றாக இருப்பதில்லை. ஆகவே ‘விட்டால் புற்றுநோயாகிவிடும்’ என்பது மருத்துவக் காரணமாகாது. அதை மிரட்டல் என்றே சொல்வேன். இரத்தப்போக்கு தாங்க முடியாத அளவில் இருந்தாலோ, சிறுநீர்ப்பையை அழுத்தினாலோ, கருத்தரிக்கத் தடையாக இருந்தாலோ அதற்கு மருத்துவம் தேவை. அதிலும் போக்கைக் குறைக்கும் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் இரத்தக் குழாயை அடைப்பது என்று பல படிகள் உள்ளன. கர்ப்பப்பையை எடுப்பதே சரியான தீர்வாக அமையும் பெண்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. முதல் படியே கடைசிப் படியாகிவிடுவதைத்தான் சொல்கிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் மூவர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள்; ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அந்த அளவு இரண்டு மடங்குக்கும் மேல். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க ஒன்றிய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு இது வளர்ந்தது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் ‘சேர்த்தே எடுத்துவிடலாம்’ என்று இளம் வயதிலேயே அகற்றினால் எலும்பு தேய்வதும் இதயநோய் அபாயமும் முன்கூட்டியே வருகின்றன. இதைக் கையெழுத்து வாங்கும் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் எத்தனை பேர் இன்னொரு முறை யோசிப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இடையில் ‘நீர்க்கட்டி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.சி.ஓ.டி. என்று மருத்துவர் சொல்வதை நாம் நீர்க்கட்டி என்கிறோம். சினைப்பையில் தனியாக உருவாகும் நீர் நிறைந்த பையையும் நீர்க்கட்டி என்கிறோம். முன்னது ஹார்மோன் சமநிலை குலைவதால், முதிராத சினைமுட்டைப் பைகள் பல சிறு மணிகளாக ஸ்கேனில் தெரியும் நிலை. அங்கே வெட்டி எடுக்கக் கட்டி என்று ஒன்றும் இல்லை. பின்னது உண்மையான பை. இளம் பெண்களுக்கு வருவதில் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதவிலக்குச் சுழற்சிக்குள் தானாகவே மறைந்துவிடும். ஆனால் அது பெரிதாகித் திருகிக்கொண்டால் தாங்க முடியாத வயிற்று வலியும் வாந்தியும் வரும், அன்றிரவே அறுவை செய்ய வேண்டியிருக்கும். என்னிடம் பதினொன்றாம் வகுப்பில் படித்த ஒரு மாணவி பி.சி.ஓ.டி. என்று அறிந்த நாளிலிருந்து, தன் வயிற்றை எப்போது அறுப்பார்கள் என்ற பயத்திலேயே மூன்று மாதம் படிக்காமல் இருந்தாள். அவளுடைய பாட்டிக்கு ‘நீர்க்கட்டி’ என்று சொல்லிச் செய்த அறுவை சிகிச்சையின் நினைவு அந்த வீட்டில் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டதோ உடற்பயிற்சியும், உணவில் ஒழுங்கும், மருத்துவரின் கண்காணிப்பும்தான்.

இனி, நான் இக்கடிதத்தை எழுதக் காரணமான இரண்டாவது கதை. என் கணவரின் அக்காவுக்கு 52 வயதில் மாதவிலக்கு நின்றது. சர்க்கரை நோயும் பருத்த உடம்பும் உண்டு. அதற்கும் முன்பே ஒரு ஸ்கேனில், ‘சிறிய கட்டி இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று சொல்லியிருந்தார்கள். அது சரியான அறிவுரைதான். 61 வயதில் ஓர் ஆடி மாதத்தில் சேலையில் சிறு கறை பட்டது. சூடு என்று நினைத்து வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தார். நின்றது. புரட்டாசியில் மறுபடி வந்தது. மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கினார். யாரிடமும் சொல்லவில்லை, துணியைத் தனியாக அலசி மாடிக்கொடியில் மற்ற துணிகளுக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறார். எனக்குத் தெரியவந்தபோது தை பிறந்துவிட்டது. ‘பழைய கட்டிதான் அண்ணி, அதையே ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார்களே’ என்று நான் பதறியதற்கு அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். (நான் தம்பி மனைவி, ஆனாலும் திருமணமான நாளிலிருந்து என்னை அண்ணி என்றுதான் அழைத்தார். அவர் சுபாவம் அப்படி.)

அது பழைய கட்டி அன்று. கர்ப்பப்பையின் உட்சுவர் பதினெட்டு மில்லிமீட்டர் தடித்திருந்தது; மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு அது நான்கைத் தாண்டினாலே மருத்துவர்கள் திசுவை எடுத்துச் சோதிப்பார்கள். சோதனை முடிவு புற்று என்று வந்தது. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சுக்காக 29சி பேருந்தில் பெரம்பூரிலிருந்து அடையாறுவரை அவரை அழைத்துப் போய் வந்த நாட்களில், ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, ‘ஆடியிலேயே சொல்லியிருக்கணும் இல்லே?’ என்று ஒருமுறை கேட்டார். மூன்றாண்டுகள் இருந்தார்.

ஃபைப்ராய்டைப் பற்றிச் சொல்லப்பட்ட, முற்றிலும் உண்மையான ஆறுதலே அவருக்கு எமனாயிற்று. மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்த பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது சோதிக்கப்பட வேண்டிய அறிகுறி. அப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் புற்று இருக்கிறது. மற்றவர்களுக்கு உட்சுவர் மெலிந்ததோ, சாதாரணச் சதை வளர்ச்சியோ காரணமாக இருக்கலாம். எது என்பதை வெந்தயம் சொல்லாது. பருமன், சர்க்கரை நோய், பிள்ளைப்பேறு இல்லாமை, மார்பகப் புற்றுக்காகச் சாப்பிடும் டமாக்சிஃபென் மாத்திரை ஆகியவை இந்த அபாயத்தைக் கூட்டுகின்றன. இந்தப் புற்று தொடக்கத்திலேயே இரத்தத்தைக் காட்டிவிடுவதால், கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போதே பிடித்துப் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்று வேறு. ‘கர்ப்பப்பை’ என்றும் ‘கர்ப்பப்பை வாய்’ என்றும் மாற்றி மாற்றி எழுதும் பழக்கத்தைப் பத்திரிகைகள் விட வேண்டும்; ஏனெனில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குத் தடுப்பூசி உண்டு, கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுக்கு இல்லை. வாய்ப் புற்றுக்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ், இதைக் கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் 16, 18 ஆகிய இரு வகைகள் மட்டுமே இப்புற்றில் சுமார் எழுபது விழுக்காட்டுக்குப் பொறுப்பு. தொற்று புற்றாக மாற பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட அவகாசத்தைத் தரும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை. அப்படியிருந்தும் இந்தியாவில் ஆண்டுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இது கண்டறியப்படுகிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு நீண்ட தொடர்பு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. அப்பதிவேட்டில் அன்று சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான். பிறகு அது படிப்படியாகக் குறைந்து, மார்பகப் புற்று முதலிடத்துக்கு வந்தது. திருமண வயது உயர்ந்தது, பேறுகள் குறைந்தது போன்ற மாற்றங்கள் இதற்குப் பெரிதும் உதவின. அதே மருத்துவமனையும் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை ஊர் மருத்துவர்களும் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையுடன் சேர்ந்து அம்மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, வெண்மையாக மாறும் இடத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதுதான் அங்கே செய்யப்பட்ட சோதனை. நாம் வினிகர் என்று சமையலறையில் வைத்திருப்பதும் அதே அமிலத்தின் நீர்த்த வடிவமே. பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்த இந்த எளிய சோதனையால் அந்நோயின் மரணம் முப்பத்தைந்து விழுக்காடு குறைந்தது. உலகமே மேற்கோள் காட்டும் ஆய்வு அது. நம் மாநிலத்துப் பெண்களால் நிறுவப்பட்டது.

அப்படிப்பட்ட மாநிலத்தில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள், அதே 2019-21 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்குப் பத்துப்பேர்கூட இல்லை. இந்திய அளவில் நூற்றுக்கு இருவர்கூட இல்லை என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். 14 வயதுச் சிறுமியருக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடத் தமிழ்நாட்டு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது மிக நல்ல செய்தி. ஆனால் அதன் முழுப் பலன் தெரிய அச்சிறுமியர் நாற்பதைத் தொட வேண்டும். இப்போது நாற்பதில் இருக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்குச் சோதனைதான் முதன்மையான வழி. தடுப்பூசிக்காகப் பள்ளியில் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கும் தாளிலேயே தாய்க்கான சோதனை நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அச்சிட்டுத் தரலாமே.

சினைப்பைப் புற்றைப் பற்றி மட்டும் எனக்கு ஆறுதலாகச் சொல்ல அதிகம் இல்லை. வயிற்று உப்புசம், சிறிது சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது என்று எல்லோருக்கும் எப்போதாவது வரும் தொல்லைகளாகவே அது தொடங்குகிறது. அவை புதிதாக வந்து வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் அசிடிட்டி மாத்திரையோடு நிறுத்திவிடாமல் வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால், முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் ‘பெண்களுக்கான சிறப்பு’ என்று, சினைப்பைப் புற்றில் கூடக்கூடிய சி.ஏ.125 என்ற புரதத்தை அளக்கும் இரத்தச் சோதனையைச் சேர்த்து விற்பதை நம்பி ஏமாற வேண்டாம். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, ஏன், வெறும் மாதவிலக்கில்கூட அந்த அளவு ஏறும். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறிகுறி இல்லாதவர்களுக்கு இச்சோதனை செய்வதால் மரணம் குறையவில்லை என்று 2021-இல் சொல்லிவிட்டது. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேட்பதுதான் பயனுள்ளது.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. தங்கள் நாளிதழில் ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்ற தலைப்பு இனி வரும்போது, எந்த உறுப்பு, எந்த வகை, எந்த வயது என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். ‘பெரும்பாலும் ஆபத்தில்லை’ என்று எழுதும் அதே பத்தியில், மாதவிலக்கு நின்ற பிறகு வரும் இரத்தத்துக்கு இந்த ஆறுதல் பொருந்தாது என்பதையும் எழுதுங்கள். ஸ்கேன் நிலையங்கள் தரும் அறிக்கையில், கட்டி எங்கே இருக்கிறது, அது எந்த வகை என்பதைத் தமிழில் இரண்டு வரி எழுதித் தர வேண்டும் என்று தாங்கள் தலையங்கத்தில் கேட்டால் அரசின் காதில் விழும். என்னைப்போன்ற ஒருத்தி கேட்டால் விழாது.

இன்னொன்றையும் தங்கள் வழியாக அரசுக்குச் சொல்ல விரும்புகிறேன். 2021-இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். வருபவர்களும் பெண்கள், கதவைத் திறப்பவர்களும் பெரும்பாலும் பெண்கள். ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் ‘தூரம் நின்ற பிறகு எப்போதாவது இரத்தம் பட்டதா, அம்மா?’ என்று அவர்கள் கேட்கட்டும். அதற்குக் கருவியும் வேண்டாம், செலவும் இல்லை. என் நாத்தனாரின் கையில் மாதந்தோறும் சர்க்கரைக்காக ஊசி குத்திப் பார்த்த எவரேனும் அந்த ஐப்பசியில் இப்படிக் கேட்டிருந்தால், அவர் தலையைக் குனிந்துகொண்டு ‘ஆமாம்’ என்று சொல்லியிருப்பார். கேட்டதற்குப் பொய் சொல்லத் தெரியாதவர் அவர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை – 11.